நெய்தலின் காணாத பாதி

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கடலும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். வழக்கம் போல் அகநானூற்றிலும் நற்றிணையிலும் உள்ள நெய்தற் பாடல்களை எடுத்து, அழகு இது, உள்ளுறை இது என்று விளக்கி அமர்ந்துவிடலாம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அதைத்தான் செய்து வருகிறேன். ஆனால் இன்று அதைச் செய்யப் போவதில்லை. நான் கற்பித்த நெய்தலில் பாதியை நான் பார்த்ததே இல்லை என்பதை ஒரு மாணவி எனக்கு உணர்த்தினாள். அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் பசலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவும் பசலையை ஊர்ப் பொதுக்கிணற்றுப் பாசிக்கு ஒப்பிடும் குறுந்தொகைப் பாடலை நீங்கள் அறிவீர்கள். "பாசி என்பது வேண்டாத பொருள், நீரின் அழுக்கு, ஆகவே நோய்க்கு உவமையாயிற்று" என்று விளக்கம் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, எங்க ஊர்ல பாசின்னா அழுக்கு இல்ல. எங்க அம்மா கடல்ல பாசி எடுத்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுறாங்க" என்றாள்.

வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. கிணற்றுப் பாசியும் கடற்பாசியும் வேறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு, கடற்பாசியின் வகைகளில் ஒன்றன் பெயர்கூட அப்போது தெரியாது. அந்த விடுமுறையில் அவளோடு பாம்பன் கரைக்குப் போனேன்.

அன்பர்களே, மன்னார் வளைகுடாவில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, கரைக்கு அருகே, மாலை கோத்தாற்போல இருபத்தொரு தீவுகள் இருந்தன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக அவற்றைப் பிரிப்பர். குருசடை, புல்லிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல்தீவு, முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி, காரியச்சல்லி, காசுவார், வான்தீவு என்று அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். நல்லதண்ணித் தீவுக்கும் உப்புத்தண்ணித் தீவுக்கும் பெயரிட்டவன் தாகத்தோடு அங்கே இறங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். 'சல்லி' என்பது உடைந்த கல்லைக் குறிக்கும் சொல். பவளக்கல் நொறுங்கி மேடிட்டுத் தீவாயிற்று என்னும் நிலவியல் உண்மையை அப்பெயரே தாங்கி நிற்பதாக நான் கொள்கிறேன்.

'இருந்தன' என்று சொன்னேன். இன்று நீர்மட்டத்துக்கு மேல் கணக்கிடப்படுபவை பத்தொன்பதுதாம். கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. குமரிக்கோட்டைக் கடல் கொண்டதைப் பற்றி எத்தனை மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! நம் காலத்தில், நம் கண்ணெதிரே, இரண்டு தீவுகளைக் கடல் கொண்டது. அதைப் பற்றி நம்மில் யாரும் ஒரு வெண்பாகூட எழுதவில்லை.

கடல் கொண்டது என்பதுகூட முழு உண்மை அன்று. நாம் கொடுத்தோம்; கடல் கொண்டது. இத்தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் அலையின் வேகத்தைத் தாங்கும் அரண்கள். அவற்றைப் பல பத்தாண்டுக் காலம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்தோம். வளைகுடாவின் பவளப் பரப்பு சற்றேறக்குறைய 110 சதுர கிலோமீட்டர் என்றும், அதில் 32 சதுர கிலோமீட்டர் அளவு பெரும்பாலும் கல்லெடுப்பாலேயே சிதைந்தது என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அரண் போன பின் அலை நேரே தீவின் மணலில் மோதியது. மணல் கரைந்தது, தீவு தேய்ந்தது.

இதைச் சொல்லும்போது எவரையும் நோக்கி விரல் நீட்டும் தகுதி எனக்கில்லை. என் பாட்டனார் கட்டிய வீட்டின் சுவர், கடலிலிருந்து எடுத்த கல்லால் ஆனது. சிறுமியாக இருந்தபோது, காரை பெயர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும் அந்தக் கல்லை விரலால் தடவிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன். அந்தப் பூக்கள் ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லை எடுத்தவர்களும் வயிற்றுக்காக எடுத்தவர்கள். வாங்கிய நாங்கள் வீட்டுக்காக வாங்கினோம். கடலில் கல் வளர்வதை அறிந்தவர்கள் அன்று நம் மொழியில் நம்மோடு பேசவில்லை.

இங்கே கவிஞர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. நம் இலக்கியத்தில் இதழுக்கு உவமையாக வரும் செம்பவளம் வேறு. தீவுகளைச் சூழ்ந்த இந்தக் கல் வேறு. முருகைக்கல் என்று இதனைக் குறிக்கும் வழக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு பாசியொன்று இக்கல்லுயிரின் உடலுக்குள் தங்கி, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. கல்லுயிர் அதற்கு இடம் கொடுக்கிறது. கல்லுக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அந்தப் பாசியே. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேற, கல் வெளுத்துப் போகிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் கல் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெரும் வெளுப்பு நேர்ந்தது. பிரிவால் நிறம் இழந்து வாடுவதைப் பசலை என்று பெயரிட்ட மொழி நம்முடையது. வகுப்பில் நான் பாசியை நோய் என்றேன். இங்கோ பாசி நீங்குவதுதான் நோய். என் விளக்கத்தை இயற்கையே தலைகீழாக்கிவிட்டது.

இக்கடலை ஆராய்ந்தவர்களின் வரலாறும் நாம் அறிய வேண்டிய ஒன்று. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் இவ்வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் கடலுயிர்களைப் பற்றியும் 1890இல் நூல் வெளியிட்டார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியாவின் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பை அதே அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையம் தோன்றியது. 1949இல் மண்டபத்தில் குடியேறியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களை நிறுத்தி நோய்ச் சோதனை செய்த அதே மண்டபம் முகாமில்தான் இந்த ஆய்வு வேரூன்றியது. நிலையத்தின் தலைமையிடம் 1971இல் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் ஆய்வு தொடர்ந்தது. இங்கே பவளங்களை இனம் பிரித்து எண்ணிய சி. எஸ். கோபிநாத பிள்ளையின் உழைப்பின்மீதுதான் பின்வந்தோர் கட்டினர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பிற்காலத்தில் நீருள் மூழ்கி எடுத்த கணக்கில் 117 பவள இனங்கள் பதிவாயின.

'நீருள் மூழ்கி எடுத்த கணக்கு' என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆய்வாளர் முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார். பாறையின் மேல் அளவுநாடாவை விரிக்கிறார். நாடாவின் கீழ் உயிருள்ள பவளம் எத்தனை செண்டிமீட்டர், செத்த பவளம் எத்தனை, பாசி எத்தனை, மணல் எத்தனை என்று நீர் புகாத பலகையில் பென்சிலால் குறிக்கிறார். அடுத்த ஆண்டு அதே பாறைக்கு வந்து மீண்டும் குறிக்கிறார். இது பத்து ஆண்டு, இருபது ஆண்டு நடக்கிறது. பதிப்பாசிரியர் ஒருவர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பொறுமைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. உ. வே. சாமிநாதையரைப் போற்றும் நாம் இவர்களையும் போற்றக் கற்க வேண்டும். இவர்கள் படிக்கும் ஏடுகளையும் செல்லரிக்கிறது.

படிப்பதோடு இவர்கள் நிற்கவில்லை. உடைந்த பவளக் கிளைகளைச் சிமெந்துப் பலகையில் கட்டிச் சிதைந்த இடங்களில் நட்டு வளர்க்கிறார்கள். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு 1969இல் சற்றேறக்குறைய 20 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது. 2013இல் 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. மூன்றாவது தீவும் போய்விடும் என்ற நிலையில், 2015 முதல் அரசின் துணையோடு அதன் கடல்முகப் பக்கத்தில் துளைகளுள்ள சிமெந்துக் கட்டுமானங்களைப் பத்தாயிரத்துக்கும் மேல் இறக்கினர். அவை அலையின் விசையை உடைத்தன. தீவைச் சுற்றி மீண்டும் மணல் சேர்ந்தது. கட்டுமானங்களில் மீன்களும் குடியேறின. இயற்கை தந்த அரணை உடைத்துவிட்டுச் செயற்கை அரண் கட்டுகிறோம் என்று வருந்தலாம். ஆனால் தேய்ந்த தீவு ஒன்று தேய்வு நின்றது என்பது சிறிய செய்தியன்று.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. தமிழக அரசு 1986இல் இத்தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் அது இடம்பெற்றது. அதே 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்ந்தன; அடுத்த சில ஆண்டுகளில் கல்லெடுப்பு ஓய்ந்தது. நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்காக 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அமைந்தது. இந்தியாவிலேயே கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அது.

இவையெல்லாம் நல்லவை. ஆயினும் என் மாணவியின் தாயார் இந்த வரலாற்றில் எங்கே நிற்கிறார்?

பாம்பனை அடுத்த கரையூர்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவோரக் கடலில் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப்பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துப் பெயர் சொல்கிறார்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணிச்சுற்றுச் சுற்றி, காலில் தகட்டைத் துடுப்பாகக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். ஆய்வாளருக்கு முதுகில் குப்பியுண்டு. இவர்களுக்கு நெஞ்சில் உள்ள மூச்சுத்தான். மரிக்கொழுந்துப்பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்மம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களை வளர்க்கும் தட்டில் ஊற்றப்படுவது அதுதான். அறிவியல் இப்பெண்களுக்குப் பட்ட கடன் அது.

தேசியப் பூங்கா என்றால் உள்ளே நுழையலாகாது. தாயும் பாட்டியும் மூழ்கிய அதே நீரில் மூழ்கியதற்காக இவர்கள் குற்றவாளிகள் ஆயினர், தடுக்கப்பட்டனர், பாசியை இழந்தனர். காப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. பாறைமேல் கால் படும். பாசியைச் சுரண்டினால் பவளமும் பெயரும். இதைப் பெண்களே மறுக்கவில்லை. அவர்கள் கூடிப் பேசித் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவியை விட்டுக் கையால் பறிப்பது, இனப்பெருக்கக் காலத்தில் ஒதுங்குவது என்பன அவ்விதிகள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசியெடுக்கும் பெண் ஒருவர் இப்பணிக்காக 2015இல் அமெரிக்கா சென்று, தீவுகளைக் காப்போருக்கு வழங்கும் ஸீகாலஜி விருதைப் பெற்று வந்தார்.

நான் கரையில் பேசிய ஒரு பெண், ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "டீச்சர், முன்னெல்லாம் இடுப்புத் தண்ணியில எடுத்தோம். இப்ப ஆழத்துக்குப் போனாத்தான் கிடைக்குது. தண்ணி சூடாயிட்டா பாசி எழும்ப மாட்டேங்குது. இழுவை மடி போட்டு அரிச்சுட்டுப் போறவுகள விட்டுட்டு, கையால பறிக்கிற எங்களப் புடிக்கிறாக." இக்கூற்றில் கடலியல் உண்டு, பொருளியல் உண்டு, அறவியல் உண்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது.

அதே கரையில் இன்னொரு படிப்பினையும் உண்டு. இப்பெண்களுக்கு மாற்றுத் தொழிலாகக் கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை மிதவைகளில் வளர்க்கும் முறை பரவியது. பலர்க்கு அது வருவாய் தந்தது. ஆனால் அப்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினர். நல்லெண்ணம் மட்டும் போதாது, இடமறிந்த அறிவும் வேண்டும் என்பதற்கு இது சான்று. அந்த அறிவு ஆய்வேட்டிலும் உள்ளது. மூழ்கும் பெண்ணின் வாயிலும் உள்ளது. ஒன்று ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. மற்றது எழுதப்படாமல் அழிகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியவர்கள் தமிழ் கற்ற நாம்; நாமோ இரண்டையும் அறியாமல் இருக்கிறோம்.

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. அடும்பு, தாழை, ஞாழல், புன்னை, கண்டல், அலவன், சுறா, இறவு என நெய்தற் புலவர் கரையையும் கழியையும் கண்ணால் கண்டு பாடினர். நீருக்கு அடியிலுள்ள உலகம் அவர்களுக்கு எட்டவில்லை. ஆனால் எட்டிய வரையில் பிழையின்றிப் பார்த்தார்கள். இன்று நீரடி உலகம் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளது. நாமோ 'தீவு' என்ற சொல்லைத் தனிமைக்கு உவமையாக்கி நிறுத்திவிடுகிறோம். நான் அறிந்த தீவு தனியே இருப்பதில்லை. கல் பாசியைச் சார்ந்தும், மணல் கல்லைச் சார்ந்தும், மீன் பாறையைச் சார்ந்தும், அடுப்பு மீனைச் சார்ந்தும் இருக்கின்றன. தனித்து நிற்பதாக நாம் எண்ணிய பொருளே எல்லாவற்றையும் சார்ந்து நிற்கிறது.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைத்து என் உரையை நிறைவு செய்கிறேன்.

முதலாவது, சொல் தொகுத்தல். நீரோட்டத்தை நீவாடு என்றும், அது வரும் திசைக்கேற்ப வாநீவாடு, சோநீவாடு என்றும் நம் மீனவர் சொல்வர். கடலடிப் பாறையைப் பார் என்பர். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என்று ஆமைகளைப் பிரிப்பர்; எந்த மாதத்தில் முட்டையிட வரும் என்பதைப் பெயரிலேயே வைத்த அறிவு அது. தீவு அமிழ்ந்தால் அதைச் சுற்றிய சொற்களும் அமிழும். வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு கரையூருக்குச் சென்று பத்துச் சொற்களைக் கேட்டெழுதி வந்தால், அடுத்த மலரில் ஒரு சிறு நெய்தற் சொல்லகராதியை வெளியிடலாம்.

இரண்டாவது, ஆய்வாளர்களை இம்மேடைக்கு அழைத்தல். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தில் கடலாய்வாளர் ஒருவரும் பாசியெடுக்கும் பெண் ஒருவரும் ஒரே மேடையில் தமிழில் பேசட்டும். நாம் குறிப்பெடுப்போம்.

மூன்றாவது கவிஞர்களுக்கு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது உண்மையே. ஆனால் தலைவி இரங்கியது வெறுமனே அன்று. அவளுக்குத் துறையின் பெயர் தெரியும், மரத்தின் பெயர் தெரியும், தேர் வந்த வழி தெரியும். பெயர் தெரியாமல் இரங்குவது இரங்கலாகாது. பூவரசன்பட்டிக்கும் விலாங்குச்சல்லிக்கும் கையறுநிலை பாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காரியச்சல்லி இன்னும் நீருக்கு மேல் இருக்கிறது; ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டு இருக்கிறது. உள்ளபோதே அதைப் பாடுங்கள். பாடுவதற்கு முன் ஒரு முறை போய்க் கரையிலிருந்தேனும் பாருங்கள்.

என் மாணவி இப்போது ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். அந்தக் குறுந்தொகைப் பாடலை அவள் எப்படி நடத்துகிறாள் என்று சென்ற மாதம் கேட்டேன். "கிணத்துப் பாசியச் சொல்லிட்டு, கடல் பாசியையும் சொல்லுவேன் அம்மா. புள்ளைங்க வீட்டுலருந்து கொண்டுவந்து காட்டுறாங்க" என்றாள். இருபது ஆண்டுகளில் நான் செய்யாததை அவள் செய்துவிட்டாள்.